பையனுக்கு லேத் நல்லா வருது, கணக்குன்னா நடுங்கறான் – திட்டாம சொல்லித்தர டியூஷன் வாத்தியார எப்படி தேடறது?

கணபதிஅம்மா | அக்டோபர் 4, இரவு 10.20

வணக்கம்ங்க. நாங்க கோயமுத்தூர் கணபதி. வீட்டுக்காரர் லேத் பட்டறைல டர்னர், நான் வீட்லயே தையல். பெரியவன் கவர்மெண்ட் ஸ்கூல்ல பிளஸ் டூ, ஒகேஷனல் (தொழிற்கல்வி) குரூப், பேசிக் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பிராக்டிகல்ல அவன்தான் ஃபர்ஸ்ட், சின்னதுல இருந்து அவங்க அப்பா பக்கத்துல நின்னு பாத்தே பழகினது, சத்தத்த வெச்சே டூல் மழுங்கிருச்சுன்னு சொல்லுவான். ஆனா கணக்குல காலாண்டுக்கு 90க்கு 17 வாங்கிருக்கான்.

ஜூன்லயே ஒரு டியூஷன் சென்டர்ல சேத்து வருசத்துக்கும் சேத்து மொத்தமா பணம் கட்டிட்டோம்ங்க, ஒரு பேட்ச்ல நாப்பது புள்ளைங்க. ஒரு நாள் போர்டுக்கு கூப்ட்டு ஒரு கணக்கு போடச் சொல்லி இவன் முழிச்சதும் அந்த வாத்தியார் எல்லார் முன்னாடியும் "லேத் ஓட்டப்போறவனுக்கு எதுக்குடா இண்டெக்ரேஷன், எடத்த அடைக்காத"ன்னு சொல்லிருக்கார். அன்னிலேர்ந்து இவன் டியூஷனுக்குன்னு கெளம்பி பஸ் ஸ்டாப்புல உக்காந்துட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துட்டு இருந்திருக்கான், ஒன்ற மாசம் எங்களுக்கு தெரியவே இல்ல. தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு கோவமே வர்ல, அழுகதான் வந்துச்சு. பணத்த திருப்பிக் கேட்டா தர மாட்டேங்கறாங்க, அது தனி கத.

இப்ப வீட்டுக்கு வந்தோ இல்ல நாலஞ்சு பேர வெச்சோ சொல்லித்தர்றவங்க யாராச்சும் வேணும். பெரிய படிப்பு படிச்சவங்கன்னு இல்ல, புள்ளைய அவமானப்படுத்தாம சொல்லித்தந்தா போதும். மாசம் ரெண்டாயிரம் ரெண்டாயிரத்தி ஐநூறு குடுக்க முடியும். எங்க தேடறது, வர்றவங்ககிட்ட என்ன கேக்கறது, நல்லவங்கன்னு எப்படி கண்டுபுடிக்கறது, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பழையவாத்தியார் | அக்டோபர் 5, காலை 6.05

அம்மா, நான் 31 வருசம் அரசுப் பள்ளில கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், கோபி பக்கம். உங்க பதிவ விடிகாலைல படிச்சேன், அந்த பஸ் ஸ்டாப் விசயம் மனச ரொம்ப கஷ்டப்படுத்திருச்சு.

டியூஷன் தேடறதுக்கு முன்னாடி ஒரு வேல செய்யுங்க. பிளஸ் டூ கணக்குல தடுமாறுற பசங்கள்ல நூத்துக்கு எம்பது பேருக்கு பிரச்சன பிளஸ் டூ கணக்குல இல்ல, ஏழாவதுலயோ எட்டாவதுலயோ எங்கயோ ஒரு கல்லு நழுவியிருக்கும், இது கணக்கெடுத்து சொல்றதில்ல, என் கண்ணுல பட்டது. ஒரு பேப்பர்ல இத எழுதி அவன்கிட்ட குடுங்க. மூணுல ரெண்டு கூட்டல் அஞ்சுல மூணு எவ்வளவு. மைனஸ் 3ல இருந்து மைனஸ் 7 கழிச்சா எவ்வளவு. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 5 எக்ஸ் பிளஸ் 6, காரணிப்படுத்து. 3 எக்ஸ் மைனஸ் 7 = 11, எக்ஸ் எவ்வளவு. சைன் 30 எவ்வளவு. ஒரு செங்கோண முக்கோணத்துல எதிர்ப்பக்கம் 5, அடுத்துள்ள பக்கம் 100, டேன் எவ்வளவு. அவ்வளவுதான். மார்க் போடாதீங்க, பக்கத்துல உக்காந்து பாக்கவும் வேண்டாம். அவன் போட்டத அப்படியே இங்க சொல்லுங்க, தப்பா போட்டிருந்தா எப்படி தப்பா போட்டான்னு சொல்லுங்க, சரியான விடைய விட எனக்கு அதுதான் வேணும்.

நெல்லைப்பொண்ணு | அக்டோபர் 5, மதியம் 1.40

அக்கா, நான் இன்ஜினியரிங் மூணாவது வருசம் படிக்கேன், சாயங்காலம் ரெண்டு புள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கேன். நானே ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல எம் ஒன் அரியர் வெச்சவதான், அந்த மேட்ரிக்ஸ் அண்ட் கால்குலஸ் பேப்பர். பிளஸ் டூல நல்ல மார்க் வாங்கிட்டு அரியர் வெச்சா எப்படி இருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அக்கா எனக்கு சொல்லித்தந்தாங்க. அவங்க பேனாவ தொடவே மாட்டாங்க, பேனா எப்பவும் என் கைலதான் இருக்கும், "இந்த வரிக்கு ஏன் வந்த"ன்னு மட்டும் கேப்பாங்க. நான் தப்பா ஒண்ணு எழுதுனா உடனே தப்புன்னு சொல்லாம இன்னும் ரெண்டு வரி போக விடுவாங்க, நானே முட்டி நிப்பேன், அப்ப எனக்கே தெரியும்.

அதனால டெமோ கிளாஸ் கண்டிப்பா கேளுங்க, டெமோல பேனா யாரு கைல இருக்குன்னு மட்டும் பாருங்க. உங்களுக்கு கணக்கு தெரியணும்னே இல்ல, கதவுக்கு வெளிய இருந்து காய் நறுக்கிட்டே கேட்டாக்கூட போதும், யாரு அதிகமா பேசுதாங்கன்னு தெரிஞ்சிரும். பக்கத்து காலேஜ்ல படிக்க பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க, கோயமுத்தூர்ல காலேஜுக்கா பஞ்சம்? பீளமேடு பக்கம் ஹாஸ்டல் பசங்க நெறைய பேரு பார்ட் டைமா எடுக்காங்க. ஆனா செமஸ்டர் பரீட்ச வந்தா அவங்க காணாம போயிருவாங்க, நவம்பர் டிசம்பர்ல என்ன செய்வீங்கன்னு மொதல்லயே கேட்டுருங்க.

உடுமலை_செல்வம் | அக்டோபர் 5, இரவு 9.15

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பப்ளிக் எக்ஸாம் மார்ச்ல. இன்னும் அஞ்சு மாசம்கூட முழுசா இல்ல. இப்ப போயி ஏழாங்கிளாஸ் பின்னத்துல இருந்து ஆரம்பிச்சா பையன் எப்ப பிளஸ் டூ முடிக்கறது? என் பொண்ணுக்கு கண்டிப்பான வாத்தியார்தான் வெச்சேன், புக் பேக் ஒன் மார்க் மொத்தமும் மனப்பாடம், பழைய கொஸ்டின் பேப்பர்ல திரும்பத் திரும்ப வர்ற அஞ்சு மார்க் கணக்கு முப்பது, தெனமும் டெஸ்ட், பாஸ் பண்ணிட்டா. அன்பா சொல்றது எல்லாம் சரி, நேரம் இல்லாதப்ப என்ன பண்றது?

பழையவாத்தியார் | அக்டோபர் 6, காலை 5.50

செல்வம் தம்பி கேக்கறது நியாயமான கேள்வி. நேரம் கம்மிதான். ஆனா அடிப்படையா பிளஸ் டூவான்னு ரெண்டுல ஒண்ண எடுக்க வேண்டியதில்ல, ரெண்டையும் கோத்து வாங்கலாம், அத தெரிஞ்ச ஆளா இருக்கணும், அதுதான் விசயம்.

பேப்பர் எப்படின்னு பாருங்க. எழுத்துத் தேர்வு 90. ஒரு மார்க் இருவது. ரெண்டு மார்க் பத்து குடுத்து ஏழு எழுதச் சொல்றாங்க, மூணு மார்க்கும் அதே மாதிரி பத்துல ஏழு, அதுல ஒண்ணொண்ணு கட்டாயம். அஞ்சு மார்க் ஏழு, ஒவ்வொண்ணுலயும் இது இல்லைன்னா அது. மீதி 10 ஸ்கூல்ல போடற அகமதிப்பீடு. இப்ப புத்தகத்துல மொத்தம் பன்னெண்டு பாடம். எல்லாத்துக்கும் ஒரே அளவு அடிப்படை வேண்டியதில்ல. கடைசிப் பாடம் தனிநிலைக் கணிதம், அதுல வர்ற மெய்யட்டவணைக்கு பின்னமும் வேண்டாம் சைனும் வேண்டாம், சரியா தவறான்னு வரிசையா எழுதத் தெரிஞ்சா போதும், பயந்த பையன அங்க உக்கார வெச்சா அரை மணி நேரத்துல ஒரு முழு கணக்க தானா முடிப்பான். அதுக்கப்புறம் முதல் பாடம் அணிகள், அதுக்கு வேண்டியது பிளஸ் மைனஸ் குறியும் பின்னமும் மட்டும்தான், அதாவது அந்த ஏழாங்கிளாஸ் விசயத்த அணிக்கணக்கு போடறப்பவே சரி பண்ணிரலாம், தனியா ஏழாங்கிளாஸ் புத்தகத்த எடுத்து அவன் கைல குடுத்து கூனிக்குறுக வைக்க வேண்டியதில்ல. தொகையிடலும் (அதான் இண்டெக்ரேஷன்) வகைக்கெழுச் சமன்பாடும் கடைசில, கைக்கு வந்த அளவு.

மனப்பாடம் பண்ணியும் பாஸ் பண்ணலாம், மறுக்கல. ஆனா இந்தப் பையன் ஒரு எடத்துல அடிபட்டு ஓடி வந்தவன். அவன திரும்ப அதே அடிக்கு அனுப்பினா இந்தத் தடவ எந்த பஸ் ஸ்டாப்புல போயி உக்காருவான்னு நமக்கு தெரியாது.

பாலிடெக்னிக்_மெக் | அக்டோபர் 6, இரவு 8.30

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ பசங்களுக்கு பாடம் எடுக்கறவன். அக்கா, உங்க பையனுக்கு கணக்கு தெரியலன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். லேத்துல டேப்பர் டர்னிங், அதான் ஒரு முனை பெருசா மறு முனை சின்னதா கடையறது, பண்ணிருப்பான்ல? டூல் உக்காந்திருக்கற காம்பவுண்ட் ஸ்லைட எத்தன டிகிரி திருப்பணும்னு எப்படி வருது? பெரிய விட்டம் 40, சின்ன விட்டம் 30, நீளம் 100ன்னு வெச்சுக்கோங்க. வித்தியாசம் 10, ஆனா ரெண்டு பக்கமும் சமமா கொறையுது, அப்ப ஒரு பக்கத்துக்கு 5. நீளம் 100. அஞ்ச நூறால வகுத்தா 0.05, எந்த கோணத்துக்கு டேன் 0.05 வரும்னு பாத்தா 2 டிகிரி 52 மினிட். வாத்தியார் ஐயா குடுத்த கடைசி கேள்வியும் இதேதான், பாத்தீங்களா. விட்ட வித்தியாசத்த ரெண்டு மடங்கு நீளத்தால வகுக்கற அந்த ஃபார்முலால கீழ ரெண்டு ஏன் வருதுன்னு என் கிளாஸ்ல கேட்டா பாதிப்பேர் முழிப்பாங்க, மெஷின்ல நின்னவன் மட்டும் சொல்லிருவான், ஏன்னா ஜாப் சுத்துறப்ப ரெண்டு பக்கமும் சேந்து கொறையறத அவன் கண்ணால பாத்திருக்கான்.

ஆர்பிஎம்மும், அதான் நிமிசத்துக்கு எத்தன சுத்துங்கறதும், அப்படித்தான். கட்டிங் ஸ்பீடு நிமிசத்துக்கு 25 மீட்டர், விட்டம் 40 மில்லிமீட்டர், கணக்கு போட்டா கிட்டத்தட்ட 199 வரும், மெஷின்ல அதுக்கு கீழ இருக்கற பக்கத்து ஸ்பீட வைப்பாங்க. அந்த ஃபார்முலால ஆயிரத்தால வகுக்கறது எதுக்குன்னு கேட்டா மில்லிமீட்டர மீட்டர் ஆக்கறதுக்குன்னு அவன் சொல்லுவான். அதனால முடிஞ்சா மெக்கானிக்கல் படிச்ச ஆளா பாருங்க, பட்டறைல இருந்து பேச்ச ஆரம்பிக்கத் தெரிஞ்ச ஆள்.

அப்புறம் அந்த "லேத் ஓட்டப்போறவன்"னு சொன்ன ஆளுக்கு தெரியல போல, ஒகேஷனல் முடிச்ச பசங்க டிப்ளமோல நேரா ரெண்டாவது வருசம் சேரலாம், அங்கிருந்து பி.இ.க்கும் நேரா ரெண்டாவது வருசம் போலாம். இன்ஜினியரிங் கவுன்சிலிங்லயே ஒகேஷனலுக்கு தனியா எடம் இருக்கு. ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல்னா 2021ல கொண்டு வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கு, அதுல எடம் கெடச்சா ஃபீஸ் அரசாங்கமே கட்டுது. இத பையன்கிட்ட சொல்லுங்க, எதுக்கு படிக்கறோம்னு தெரிஞ்சா அவனுக்கும் ஒரு புடிப்பு வரும்.

கணபதிஅம்மா | அக்டோபர் 7, இரவு 11.00

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஐயா, நீங்க சொன்ன கணக்க குடுத்தேன், மொதல்ல மாட்டேன்னான், மார்க் இல்லடான்னு சொன்னதும் போட்டான். மூணுல ரெண்டு கூட்டல் அஞ்சுல மூணுக்கு எட்டுல அஞ்சுன்னு எழுதிருக்கான். மைனஸ் 3ல இருந்து மைனஸ் 7க்கு மைனஸ் 10. எக்ஸ் கண்டுபுடிக்கறது 6ன்னு சரியா வந்துருச்சுங்களாம். காரணிப்படுத்தறத அப்படியே விட்டுட்டான். சைன் 30 அரைன்னு எழுதிருக்கான். டேன் கேள்விக்கு 0.05னு எழுதி பக்கத்துல சின்னதா ஒரு ஷாஃப்ட் படம் வரைஞ்சு வெச்சிருக்கான். பாலிடெக்னிக் தம்பி சொன்னத நான் அவனுக்கு இன்னும் படிச்சே காட்டலைங்க, அவனா வரைஞ்சது.

பழையவாத்தியார் | அக்டோபர் 8, காலை 6.10

அந்தப் படத்த பத்திரமா வைங்கம்மா. வர்ற வாத்தியார்கிட்ட மொதல்ல அத காட்டுங்க.

இனி விசயம் தெளிவு. பின்னத்துல மேல இருக்கறத மேலயும் கீழ இருக்கறத கீழயும் கூட்டறான், ரெண்டு மைனஸ் சேந்தா என்ன ஆகும்னு தெரியல, காரணிப்படுத்த வராது. மூணே மூணு ஓட்ட. ஒரு மாசத்துல அடைக்கலாம், மிஞ்சினா ஆறு வாரம். டியூஷனுக்கு வர்றவர்கிட்ட இந்த பேப்பரக் குடுத்து "இவனுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பீங்க"ன்னு கேளுங்க. பேப்பர திருப்பிக்கூட பாக்காம "போர்ஷன் முடிச்சுத் தரேன்"னு சொன்னா வேண்டாம். எட்டுல அஞ்சு எப்படி வந்துச்சுன்னு பையன்கிட்டயே கேக்கறவர் வந்தா விடாதீங்க.

மைலாப்பூர்_மீனா | அக்டோபர் 8, மாலை 4.25

இதையும் ஒரு வார்த்த சொல்லிடறேன், உங்க பையனுக்கு இது இல்லன்னுதான் தோணறது, ஆனா படிக்கற மத்தவாளுக்கு உதவும். என் பொண்ணுக்கு ஒம்போதாவது வரைக்கும் மணி பாக்கத் தெரியாது, 47க்கும் 74க்கும் வித்தியாசம் புரியாம முழிப்பா, சோம்பேறின்னு நானே திட்டிருக்கேன். அப்புறம்தான் டிஸ்கால்குலியான்னு தெரிஞ்சது, எண்கள் சம்பந்தமான கற்றல் குறைபாடு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கா. சர்டிஃபிகேட் இருந்தா பப்ளிக் எக்ஸாம்ல ஒரு மணி நேரம் கூடுதலா தருவா, ஆனா அத ஸ்கூல் மூலமா முன்கூட்டியே விண்ணப்பிக்கணும், பிப்ரவரில ஓடினா நடக்காது. நல்ல டியூட்டர் கெடச்சும் ஆறு மாசத்துல ஒரு அடிகூட நகரலன்னா டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்கோ, கொழந்தைய திட்டறதுக்கு முன்னாடி.

உடுமலை_செல்வம் | அக்டோபர் 8, இரவு 9.40

வாத்தியார் சொன்னதுக்கப்புறம் நான் என் பேச்ச கொஞ்சம் மாத்திக்கறேன். மூணு ஓட்டன்னு சொன்னது எனக்கே தெளிவா இருந்துச்சு, இப்படி யாரும் என் பொண்ணுக்கு பாக்கல.

பணம் விசயத்துல சொல்றேன் அக்கா. இனிமே யாருக்கும் மொத்தமா கட்டாதீங்க, மாசம் முடிஞ்சதும் குடுங்க. ஐம்பது பேருக்கு மேல படிக்கற கோச்சிங் சென்டருக்குன்னு 2024 ஜனவரில மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு, நடுவுல நின்னா மீதி நாளுக்கான பணத்த பத்து நாளுக்குள்ள திருப்பித்தரணும்னு அதுல இருக்கு. அது நேரா சட்டம் மாதிரி எல்லா எடத்துலயும் செல்லாது, ஆனா ஒரு லெட்டர்ல அத எழுதிக் கேட்டுப் பாருங்க, வாயால கேக்கறதுக்கும் எழுத்துல கேக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. இன்னொண்ணு, அவன் ஸ்கூல் வாத்தியார்கிட்டயே தனியா டியூஷன் கேக்காதீங்க, ஸ்கூல் வாத்தியார் தனியா டியூஷன் எடுக்கக்கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, அவரையும் சங்கடத்துல விடவேண்டாம். ஆனா ஸ்கூல் நேரத்துல சந்தேகம் கேக்க வெக்கப்பட வேண்டாம், அது அவர் வேலைதான்.

நெல்லைப்பொண்ணு | அக்டோபர் 9, காலை 7.30

ஆமா அக்கா, அப்புறம் யாரு வந்தாலும் ஹால்ல உக்காந்தே சொல்லித்தரச் சொல்லுங்க, ரூம் கதவ சாத்திக்கிட்டு வேண்டாம். பையன்தானேன்னு விட்டுராதீங்க. ஐடி கார்ட ஒரு தடவ கேட்டு வாங்கிப் பாக்கதும் தப்பே இல்ல, என்கிட்ட கேட்டாங்க, நானே காட்டுனேன், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

கணபதிஅம்மா | அக்டோபர் 24, இரவு 10.45

ரெண்டு டெமோ பாத்தாச்சுங்க. மொதல்ல வந்தவர் எம்எஸ்சி, நல்ல மனுசன், ஒரு மணி நேரம் அழகா முத்து முத்தா எழுதி அஞ்சு கணக்கு போட்டுக் காமிச்சார். பையன் எல்லாத்தையும் காப்பி பண்ணிக்கிட்டான். புரிஞ்சுதாடான்னு கேட்டதுக்கு தலைய ஆட்டினான். அவர் போனதும் நோட்ட மூடி வெச்சவன்தான், தொறக்கவே இல்ல. நெல்லைக் கண்ணு சொன்ன மாதிரி பேனா கடைசி வரைக்கும் அவர் கைலயே இருந்துச்சு.

ரெண்டாவது வந்தது ஒரு தம்பி, டிப்ளமோ முடிச்சு பி.இ. மெக்கானிக்கல் கடைசி வருசம். நான் அந்த பேப்பரக் குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்துட்டு ஷாஃப்ட் படத்த காட்டி "இத யாரு வரைஞ்சா"ன்னு கேட்டாப்ல. இவன் பேசவே இல்ல, நான்தான்னு முணுமுணுத்தான். அப்புறம் ரெண்டு பேரும் டேப்பர பத்தியே பேசிட்டு இருந்தாங்க, எங்க வீட்டுக்காரர் வேலைல இருந்து வந்தவர் கைகால் கழுவாம அப்படியே நின்னு கேட்டுட்டு இருந்தார். பின்னம் எப்ப வந்துச்சுன்னே தெரியலைங்க. அந்த தம்பி நுணுக்கமா அளவு பாக்கற வெர்னியர் காலிப்பர எடுத்துட்டு வரச் சொல்லி, மூணுல ரெண்டு பாகமும் அஞ்சுல மூணு பாகமும் எப்படிடா ஒண்ணா சேரும், ஒரே ஸ்கேல்ல கோடு இருக்கணுமில்லன்னு கேட்டாப்ல. இவன் கொஞ்ச நேரம் வெர்னியரையே பாத்துட்டு இருந்துட்டு "பதினஞ்சா பிரிக்கணும்"னான். பத்தும் ஒம்போதும் பத்தொம்பது, பதினஞ்சுல பத்தொம்பதுன்னு அவனே எழுதினான். எனக்கு அந்தக் கணக்கு புரியல, ஆனா அவன் மொகம் புரிஞ்சுது.

வாரத்துக்கு மூணு நாள், மாசம் 2500 பேசிருக்கோம், மாசக் கடைசில குடுக்கறதா. நவம்பர்ல அவருக்கு பரீட்ச, அப்ப ஞாயிறு மட்டும் வருவார்.

பழையவாத்தியார் | அக்டோபர் 25, காலை 6.00

வெர்னியர வெச்சு பின்னம் சொல்லிக்குடுக்க எனக்கு 31 வருசத்துல தோணலம்மா. அந்தத் தம்பிய விடாதீங்க. ஒரு மாசம் மார்க் எவ்வளவுன்னு பையன்கிட்ட கேக்காதீங்க, இன்னிக்கு என்ன கேள்வி கேட்டன்னு கேளுங்க. கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டான்னா பயம் போகுதுன்னு அர்த்தம்.

கணபதிஅம்மா | ஜனவரி 6, இரவு 9.50

அரையாண்டு பேப்பர் குடுத்துட்டாங்க, 90க்கு 43. அணிகள் அஞ்சு மார்க் கணக்கு முழுசா சரி. மெய்யட்டவணையும் சரி. இன்னும் மைனஸ்ல ரெண்டு எடத்துல விட்டிருக்கான், அவனே சிவப்பு பேனால சுழிச்சு வெச்சிருக்கான். தொகையிடல் பக்கம் இன்னும் போகவே இல்லைங்க.

இப்ப கலப்பெண்ல (காம்ப்ளெக்ஸ் நம்பர்) ஒரு எடத்துல நிக்கறான், தம்பி ஊருக்கு போயிருக்கார், ஐயாகிட்ட கேக்கச் சொன்னான், அவனாத்தான் கேக்கச் சொன்னான். மைனஸ் 1 கூட்டல் ரூட் 3 ஐ (-1 + √3 i). துருவ வடிவத்துல, அதாவது நீளமும் கோணமுமா, எழுதணுமாம். நீளம் 2ன்னு வந்துருச்சு. கோணத்துக்கு மைனஸ் பை பை 3ன்னு (-π/3) வருதாம், புத்தகத்துல 2 பை பை 3ன்னு (2π/3) இருக்காம், எங்க தப்புன்னு கேக்கறான்.

பழையவாத்தியார் | ஜனவரி 7, காலை 5.40

விடைய நான் சொல்லலம்மா. கிராஃப் பேப்பர்ல எடது பக்கம் ஒண்ணு, மேல் பக்கம் ஒண்ணே முக்கால் தள்ளி அந்தப் புள்ளிய மொதல்ல வைக்கச் சொல்லுங்க, அது எந்தக் கால்பகுதில விழுதுன்னு பாத்துட்டு, அவன் சொல்ற மைனஸ் பை பை 3 எந்தக் கால்பகுதிக்குப் போகுதுன்னும் பாக்கச் சொல்லுங்க.

கணபதிஅம்மா | ஜனவரி 7, இரவு 8.15

வெச்சுட்டான்ங்க. புள்ளி ரெண்டாவது கால்பகுதில இருக்கு, கோணம் நாலாவதுக்கு போயிருச்சாம், அதுக்கு நேர் எதிர்ப்பக்கமாம். π-ல இருந்து அதுல மூணுல ஒரு பங்கு கழிச்சு அவனே திருத்திட்டான். அடுத்த கணக்கு மைனஸ் 1 மைனஸ் ஐ, அதுக்கும் மொதல்ல புள்ளிதான் வெச்சிட்டு இருக்கான், நான் சாப்பிட கூப்ட்டும் வர்ல.